மொட்டைமாடிக்கு வெள்ளையடித்த காளியம்மா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு, தீபாவளி கழிந்து மழை வலுத்திருந்த நவம்பர் மாதத்தில்தான் காளியம்மாவை முதன்முதலாகச் சந்தித்தேன். ஈப்போவில் செரி மெர்பாத்தி என்னும் நான்கு மாடி ஹோட்டலின் அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். அவர் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து, நான் அடித்துக்கொண்டிருந்த கடிதத்தின்மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டார்.

"மோந்து பாருங்க, கிராணியம்மா."

ரப்பர்த் தோட்டங்களில் எழுத்துவேலை பார்ப்பவரைக் கிராணி என்பார்கள். நான் கிராணியும் அல்லேன், கிராணியின் மனைவியும் அல்லேன் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நல்லது. இப்ப மோந்து பாருங்க."

முகர்ந்தேன். மழையில் நனைந்த நாய் ஒன்று அதில் படுத்து எழுந்துபோனாற்போல இருந்தது.

"இதுலதான் காசு கொடுத்து வந்தவங்க படுக்குறாங்க. பின்கட்டு நடையில கயிறு கட்டிக் காயப் போட்டா வேற எப்படி இருக்கும்? மேனேஜருக்கு ஒரு லெட்டர் அடிங்க. காய வைக்க எடம் வேணும்லா."

அடித்துக் கொடுத்தேன். மேலாளர் திரு. யேசுதாசன் அதைப் படித்தார், "நல்ல நடை" என்று என்னைப் பாராட்டினார், கோப்பில் வைத்தார். படுக்கை விரிப்புகள் பின்கட்டிலேயே தொங்கின.

காளியம்மா அந்த ஹோட்டலின் சலவைப் பகுதிக்குத் தலைவி. அவரையும் சேர்த்து ஐந்து பெண்கள் அங்கு வேலை செய்தார்கள். அதற்குமுன் அவர் லகாட்டுக்கு அப்பாலிருந்த ஒரு தோட்டத்தின் புகைக்கூடத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர். ரப்பர்ப் பால் உறைந்ததும் அதைத் தகடாக அழுத்தி, அந்த உயரமான கட்டடத்தில் வரிசை வரிசையாகக் கழிகளில் தொங்கவிடுவார்கள். கீழே விறகு புகையும். கூரையின் உச்சியிலுள்ள திறப்புகள் வழியாக ஈரம் வெளியேறும். நான்கைந்து நாளில் தகடு தேன் நிறத்தில் காய்ந்துவிடும். தோட்டம் துண்டுதுண்டாக விற்கப்பட்டபோது புகைக்கூடம் இடிக்கப்பட்டது. காளியம்மா ஈப்போவுக்கு வந்து, ரப்பருக்குப் பதிலாகத் துணியைத் தொங்கவிட்டார்.

உலகத்தில் உள்ளவை யாவும் அவருக்கு இரண்டே வகை: காய்ந்தவை, காயாதவை. மனிதர்களையும் அப்படியே பிரித்து வைத்திருந்தார். சரியாகக் காயாத ரப்பர்த் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டுத் தெரியும். மேலாளரைப் பற்றி ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"நல்ல மனுசன்தான். ஆனா நடுவுல வெள்ளை தெரியுது. இன்னும் ரெண்டு நாள் தொங்கணும்."

என்னை எந்த வகையில் சேர்த்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எண்பத்தோராம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு செய்திகள் ஒரே வாரத்தில் வந்தன. முதலாவது, ஹோட்டல் உரிமையாளரான தவுக்கே மின்சார உலர்த்திகள் வாங்க முடிவு செய்துவிட்டார். அவை வந்தால் சலவைக்கு இரண்டு பெண்கள் போதும். மூவர் வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டாவது, வெளிநாட்டுப் பயணிகளைப் பேருந்து பேருந்தாக அழைத்துவரும் ஒரு நிறுவனம், எரிசக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஹோட்டல்களில் மட்டுமே இனித் தங்குவது என்று அறிவித்தது. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம் அது. 'பசுமைக் கட்டடம்' என்னும் சொற்றொடர் எங்கள் காதில் விழ இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. எனினும் அதன் பாட்டனார் அப்போதே கையில் படிவத்தோடு வந்துவிட்டார். ஹோட்டல்காரர்களின் சங்கம் ஒன்று சான்றிதழ் வழங்கும். அதற்கு மதிப்பெண்கள் உண்டு.

எட்டுப் பக்கப் படிவத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். சன்னல்கள் திறக்குமா? நடைவழியில் பகலில் விளக்கு எரிகிறதா? கூரை எதனால் ஆனது? ஆறாம் பக்கத்தில், 'துணிகளை உலர்த்த மின்சாரம் பயன்படுகிறதா? இல்லையெனில் பத்து மதிப்பெண்' என்று இருந்தது. என் விரல்கள் நின்றன. மதிய உணவு வேளையில் சலவைப் பகுதிக்குச் சென்று அதைப் படித்துக் காட்டினேன்.

காளியம்மா கஞ்சி போடுவதை நிறுத்தினார்.

"கரண்டு இல்லாம காய வச்சா மார்க்கு போடுவாங்களா? பத்து மார்க்கா?"

"ஆம்."

"எத்தனைக்குப் பத்து?"

"நூற்றுக்கு."

"நான் பள்ளிக்கூடம் போனதே இல்ல கிராணியம்மா. மொத மொத பத்து மார்க்கு வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு மேலாளர் அறைக்கு நடந்தார்.

அங்கு நடந்ததை நான் கதவருகில் நின்று கேட்டேன். யேசுதாசன் நியாயமானவர், நடுவில் வெள்ளை இருந்தாலும் நியாயமானவர். மின்சாரம் இல்லாமல், மழைக்காலத்தில், நாளொன்றுக்கு நூற்றிருபது விரிப்புகளை உலர்த்திக் காட்டினால் உலர்த்திகளுக்கான ஆணையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். சங்கத்தின் அதிகாரி நவம்பரில் சோதனைக்கு வருவார். அவர் அந்தப் பத்து மதிப்பெண்ணை வழங்கவேண்டும். வழங்காவிட்டால் மூவர் போகவேண்டும்.

"யாரு அந்த மூனு பேருன்னு இப்பவே சொல்லிடுங்க ஐயா."

"எதற்கு?"

"அவங்களத்தான் நல்லா வேல வாங்கணும்."

மேலாளர் சொல்லவில்லை. ஆகவே ஐவரும் நன்றாக வேலை வாங்கப்பட்டார்கள்.

இதற்கிடையில், ஹோட்டலுக்குப் புதிய பகுதி ஒன்றைக் கட்டுவதற்காகக் கோலாலம்பூரிலிருந்து கட்டடக் கலைஞர் ஒருவர் வந்திருந்தார். இளைஞர், கண்ணாடி என்றால் அவருக்கு உயிர். அவருடைய வரைபடத்தில் எந்தச் சன்னலும் திறக்காது. பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு நீச்சல் குளம் வரைந்திருந்தார். காளியம்மா தமக்குத் தெரிந்த மலாயில் அவரிடம் பேசியதன் சாரம் இது:

"தம்பி, இந்த ஊருல தெனமும் மூனு மணிக்கு வானமே ஊத்துது. அத மாடியில தேக்கி வேற வைக்கணுமா?"

பின்பு, சலவைச் சோப்புக் கட்டியால் சிமெண்டுத் தரையில் படம் வரையத் தொடங்கினார். மொட்டைமாடியில் நீளமான ஒரு கொட்டகை. உச்சியில் இரட்டைக் கூரை. இரண்டுக்கும் நடுவே ஈரம் வெளியேற இடைவெளி. கீழே ரப்பர் விறகில் எரியும் கொதிகலனின் புகைக்குழாய் எப்படியும் மாடிவரை ஏறித்தானே செல்கிறது? அதைக் கொட்டகைக்குள் படுக்கவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விட்டால் போதும். வீணாகும் சூடு துணியைக் காயவைக்கும். இளைஞர் முதலில் கைகட்டி நின்றார். பிறகு குந்தி அமர்ந்தார். முடிவில் தம் பேனாவை எடுத்து அந்தப் படத்தை நகலெடுத்தார். சோப்பில் வரைந்த பகுதியை அன்று மாலை சலவைப் பெண்களில் ஒருத்தியான ரோசம்மா தெரியாமல் கழுவிவிட்டாள்.

ஆகஸ்டில் கொட்டகை எழுந்தது. கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர் பத்துமலை என்பவர். அவருக்கும் காளியம்மாவுக்கும் நாள்தோறும் சண்டை. பத்துமலை குழாயின் இணைப்புகள் எல்லாவற்றையும் களிமண் வைத்து இறுக அடைத்தார். முதல் நாள் நாற்பது விரிப்புகளைத் தொங்கவிட்டார்கள். நான்கு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது, நாற்பதும் தேன் நிறத்தில் இருந்தன. நெருப்பில் வாட்டிய கருவாட்டின் மணம் மாடி முழுவதும் பரவியது.

"யோவ் பத்துமலை! குழாய அடைக்கச் சொன்னா என்னய்யா செஞ்சு வச்சிருக்க?"

"அக்கா, நான் அடைச்சேன். நீங்கதான் காலையில வந்து களிமண்ண நோண்டுனீங்க. நான் பாத்தேன்லா."

காளியம்மா குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்:

"பொக இல்லாம எப்படிய்யா காயும்? இருபத்தஞ்சு வருசமா பொகையிலதான காய வச்சேன். கை போயிருச்சு."

அன்று ஹோட்டல் நிறைந்திருந்தது. மாற்று விரிப்புகள் போதவில்லை. வேறு வழியின்றி அந்த நாற்பதில் சிலவற்றை அறைகளில் விரித்தார்கள். மறுநாள் காலை மேலாளர் என்னைத் தம் அறையிலேயே இருக்கச் சொன்னார். புகார்க் கடிதங்களுக்கு மறுமொழி எழுத நான் தேவைப்படுவேன் என்று கருதினார். மூன்று புகார்கள் வந்தன. நான்காவதாக வந்தவர், முன்னொரு காலத்தில் தோட்டத் துரையாக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர். நாட்டைச் சுற்றிப் பார்க்கத் திரும்பி வந்திருந்தார். இருபது ஆண்டுகளாக இப்படி உறங்கியதில்லை என்றும், இன்றிரவும் அதே விரிப்பு வேண்டும் என்றும் கேட்டார். நாங்கள் மறுக்கவில்லை. மீதி முப்பத்தொன்பதையும் ஐந்து பெண்களும் மூன்று நாள் வெளுத்தார்கள்.

இரண்டாம் சோதனையின்போது காளியம்மாவைக் கொட்டகைக்கு வெளியே நிற்கவைத்துப் பத்துமலை கதவைப் பூட்டினார். விரிப்புகள் வெள்ளையாகவும் மொடமொடப்பாகவும் வெளிவந்தன.

நவம்பர் வந்தது. சோதனை அதிகாரி என்சிக் ரஸாலி, வியாழக்கிழமை காலை ரயிலில் வருவார் என்று தந்தி வந்தது. மேலாளர் பணியாளர்களை அழைத்து, "வியாழக்கிழமை பெரிய அதிகாரி வருகிறார். எல்லாம் முறையாக இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் விளக்குவது அவருக்குத் தேவையாகத் தோன்றவில்லை. இங்கேதான் தவறு நிகழ்ந்தது.

எங்கள் பணியாளர்களில் முக்கால்வாசிப் பேர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துக்குக் கம்பெனியின் பெரிய துரை பார்வையிட வந்தால் என்ன செய்யவேண்டும் என்பதை அவர்கள் நடக்கப் பழகும்போதே கற்றவர்கள். துரையின் கண்ணில் படக்கூடியது எதுவோ, அதற்கு வெள்ளையடிக்கவேண்டும். மரத்தின் அடி, பாதையோரக் கல், சாக்கடையின் விளிம்பு, எதுவும் தப்பக்கூடாது. செவ்வாய்க்கிழமை வெயில் கண்டது. அவர்கள் இரண்டு பீப்பாய்ச் சுண்ணாம்போடு இறங்கினார்கள். பூந்தொட்டிகள் வெளுத்தன. வாகன நிறுத்துமிடத்துக் கற்கள் வெளுத்தன. பத்துமலை, அடுக்கிவைத்த விறகின் முனைகளுக்குக்கூட வெள்ளையடித்தார். காளியம்மா மொட்டைமாடிக்குச் சென்று பார்த்தார். தார் பூசிய தளம் கன்னங்கரேலென்று கிடந்தது.

"தொரை கொட்டாயப் பாக்க மேல வருவாரு. கறுப்பா கெடந்தா என்ன நெனப்பாரு? அடிங்கடி!"

ஐந்து பெண்களும் மாடி முழுவதும் இரண்டு பூச்சு அடித்தார்கள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு நான் வேலைக்குச் சென்றபோது, ஹோட்டல் கல்யாண வீடுபோல ஒளிர்ந்தது. பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஆளில்லாத அறைகளிலும் குளிர்சாதனங்கள் விடியற்காலை முதல் ஓடிக்கொண்டிருந்தன. முன்கூடத்து நீரூற்று, திறப்பு விழாவுக்குப் பின் முதன்முறையாகப் பொங்கியது. குளியலறைக் குழாய்களில் வெந்நீர் வருகிறதா என்று காட்டுவதற்காகச் சிலர் அவற்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். மேலாளர் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டார்.

நான் சலவைப் பகுதிக்கு ஓடினேன். என் வாழ்நாளில் ஓடிய மிகச் சில ஓட்டங்களுள் அதுவும் ஒன்று.

"காளியம்மா! வருகிற அதிகாரி எவ்வளவு விளக்கு எரிகிறது என்று எண்ணி, அதற்கேற்ப மதிப்பெண்ணைக் குறைப்பவர்!"

"கொறைப்பாரா?"

"ஆம். அணைத்திருந்தால்தான் கூட்டுவார்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"என்ன தொரைங்க இவரு? இருட்டா இருந்தா சந்தோசப்படுவாரா?"

ஆயினும், மூன்று பெண்களின் வேலை அந்த மதிப்பெண்களில் இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. மற்ற நால்வரையும் மாடிக்கு ஒருவராக ஏவினார். விளக்குகளையும் குளிர்சாதனங்களையும் ஒவ்வோர் அறையாக அணைத்துக்கொண்டே போனார்கள். மேலாளரின் வண்டி வாயிலில் நின்றபோது பாதிதான் முடிந்திருந்தது. காளியம்மா படிக்கட்டிலிருந்து கீழ்நோக்கிக் கூவினார்:

"பத்துமலை! தொரை உள்ள வந்துட்டாரு! மெயின புடிச்சு இழுய்யா!"

பத்துமலை வாழ்க்கையில் முதன்முறையாக அவர் சொன்னதை உடனே செய்தார். ஹோட்டல் முழுவதும் அடங்கியது. நீரூற்று இருமி நின்றது. மின்தூக்கியும், மேலாளரையும் என்சிக் ரஸாலியையும் உள்ளே வைத்துக்கொண்டு, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் நின்றது.

அவர்களை வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மீண்டும் மின்சாரம் விட்டால் விளக்குகள் எரியுமே என்று காளியம்மா விடவில்லை. நான்காம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, கைகொடுத்துத் தூக்கினார்கள். என்சிக் ரஸாலி பருத்த உடம்புக்காரர். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. காளியம்மா அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, என் காதருகில், "இவர முழுசா தொங்க விடணும்" என்றார். அதைத் தமிழில் சொன்னதுதான் எங்கள் நல்லூழ்.

அதிகாரி சற்று அமரவேண்டும் என்றார். அருகில் திறந்துகிடந்தது ஒரே ஓர் அறை. குளிர்சாதனம் பழுதாகி, இரண்டு வாரமாக யாருக்கும் கொடுக்கப்படாத அறை. சூளைபோல இருக்கும் என்று மேலாளர் தயங்கினார். அதிகாரி உள்ளே போனார், நாற்காலியில் அமர்ந்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், பையிலிருந்து வெப்பமானியை எடுத்துச் சுவரில் மாட்டினார்.

"மேல்மாடி அறை, வெளியே நல்ல வெயில், குளிர்சாதனமும் இல்லை. எப்படி இவ்வளவு குளுமை?" என்று மலாயில் கேட்டார்.

யேசுதாசன் என்னைப் பார்த்தார். நான் காளியம்மாவைப் பார்த்தேன். அவர் படிக்கட்டைக் காட்டினார். மொட்டைமாடிக் கதவைத் திறந்ததும் அந்த வெண்மையில் எல்லாரும் கண்களை மூடிக்கொண்டோம்.

"வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளைத் தளம்! இந்த யோசனை யாருடையது?"

"பெரியவங்க வந்தா, கண்ணு படுற எடமெல்லாம் வெள்ளையா இருக்கணும், துவான். அது வழக்கம்" என்றார் காளியம்மா. அவரால் இயன்ற மலாயில் அது, 'வெள்ளையாக இருப்பது எங்கள் வழக்கம்' என்ற அளவுக்குச் சுருங்கியது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

கொட்டகைக்குள் நூற்றிருபது விரிப்புகளும் கழிகளில் தொங்கின. மூன்று மணி மழை அன்று பன்னிரண்டுக்கே வந்தது. தகரக் கூரை அதிர, அதிகாரி வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொன்றையும் விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். ஐந்து பெண்களும் சுவரோரம் நின்றார்கள். காளியம்மாவின் உதடுகள் அசைந்ததை நான் கண்டேன். எந்தச் சாமியை அழைத்தார் என்று தெரியாது. கடைசி வரிசைக்கு வந்ததும், என்சிக் ரஸாலி ஒரு விரிப்பின் நுனியை எடுத்துத் தம் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"காய்ந்திருக்கிறது" என்றார்.

பிப்ரவரியில் சான்றிதழ் வந்தது. உலர்கூடத்துக்குப் பத்துக்குப் பத்து. வெள்ளைத் தளத்துக்குத் தனிப் பாராட்டு. 'காலை வேளையில் மின்தூக்கியை நிறுத்திவைத்து, படிக்கட்டைப் பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடு பின்பற்றத்தக்கது' என்று ஒரு குறிப்பு இருந்ததால், அன்று முதல் அது உண்மையிலேயே எங்கள் ஏற்பாடாகிவிட்டது. நீரூற்றுக்கு மட்டும் மதிப்பெண் குறைந்தது.

உலர்த்திகளுக்கான ஆணையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் அடித்து முடிக்கும்வரை காளியம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். புதிய பகுதியில் திறக்கும் சன்னல்களும், இரட்டைக் கூரையும், வெள்ளைத் தளமும் வந்தன. நீச்சல் குளம் வரவில்லை. சலவைப் பெண்களில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் காலையில் ஈரக் கூடைகளை நான்கு மாடி சுமக்கவேண்டியதாயிற்று.

"அக்கா, எல்லாம் உங்களாலதான். முட்டி போச்சு" என்று அகதா முனகுவாள்.

"வேல போகலல? ஏறுடி."

எண்பத்தேழாம் ஆண்டு மார்ச்சில் காளியம்மா ஓய்வு பெற்று, சித்தியவானிலிருந்த மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு ஆண்டுகளில் அங்கேயே காலமானார். இறுதிச் சடங்குக்குத்தான் என்னால் போக முடிந்தது. ஆகையால், அவர் விடைபெற்ற நாளில் கேட்டதே என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது.

பின்வாசல் வழியாகவே எட்டு ஆண்டுகள் வந்துபோனவர், அன்று முன்கூடத்துக்கு வந்தார். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டி, வாசிக்கச் சொன்னார். ஹோட்டலின் பெயர், தவுக்கேயின் பெயர், மேலாளரின் பெயர், கட்டடக் கலைஞரின் பெயர் என வாசித்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் சினம் கொள்ளவில்லை.

"முன்னால அவங்க பேரு இருக்கட்டும். நீங்க ஒரு தாள்ல எங்க அஞ்சு பேரு பேரையும் எழுதி, பின்னால ஒட்டிருங்க கிராணியம்மா. எவளாச்சும் ஒருத்தி என்னைக்காவது கழட்டித் தொடைப்பா. அவ பாக்கட்டும்."

அங்கேயே அமர்ந்து எழுதினேன். நல்லம்மாள், ரோசம்மா, நவமணி, அகதா, காளியம்மா. இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

"பத்துமலை பேரையும் போட்டுருங்க. கடைசியில. சின்ன எழுத்துல."